கற்பூரம் போட்ட கிணறு

உங்கள் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது, அது எப்படி நாறுகிறது என்று பார்த்துப் பிடித்துக்கொண்டு போக நாளை ஓர் ஆள் வரப்போகிறார் என்றால், இன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் என்ன செய்வீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். ஒன்றும் செய்யமாட்டேன், அப்படியே நாற விடுவேன் என்று சொல்கிறவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழ வடிவாம்பாள் தயாராக இருந்தாள். அப்படி ஒருத்தர் அவள் தெருவில் இல்லை. அவள் வீட்டிலேயே இல்லை.

தெரு இருப்பது செவிலிமேட்டில், பாலாற்றுக்குப் போகிற பக்கம். வடக்கு முனையில் ஓர் உயரமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் டீசல் கிடங்கு. பெரிய பெரிய டாங்குகளை மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள், லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகும். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன முருகன் கோயில், அதை ஒட்டி ஒரு கிணறு, அப்புறம் இரண்டு பக்கமும் தறி வீடுகள். அபிஷேகத்துக்கும் அந்தக் கிணறுதான், சோற்றுக்கும் குழம்புக்கும் அதுதான், தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடவும் அதுதான். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் வரும். அது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது.

வாடை தொடங்கி இரண்டு வருஷம் இருக்கும். முதலில் வாளியைக் குறை சொன்னார்கள். வாளியை மாற்றினார்கள். அப்புறம் மோட்டாரில் ஆயில் கசிகிறது என்றார்கள். மோட்டாரைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். அதற்குப் பிறகு வடிவாம்பாளின் மூக்கைக் குறை சொன்னார்கள். மூக்கைக் கழற்றவா முடியும்? பாவுக்குக் கஞ்சி போட்ட நாளெல்லாம் அவள் கை முழங்கை வரை சிவந்து எரிந்தது. கடைசியில் ஒரு கல்யாணப் புடவையைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். பெண் வீட்டுக்காரர்கள் பிரித்துப் பார்த்தார்களாம், புடவையில் பஸ் ஸ்டாண்டு வாசனை அடிக்கிறதாம். அன்றைக்குத்தான் தெருவுக்கே மூக்கு முளைத்தது.

கிடங்குக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லமுடியாது. மண்ணுக்குள் மூன்று குழாய்களை இறக்கி, மூடி போட்டுப் பூட்டி, அவ்வப்போது அதிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதித்து, ‘எங்கள் நிலத்தடி நீர் சுத்தமானது’ என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தார்கள். அதில் பொய்யும் இல்லை. குழாய் மூன்றும் டாங்குகளுக்கு வடக்கே, ரோட்டோரம் இருந்தன. ஆறு இருப்பதோ தெற்கே. மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஆற்றைப் பார்த்துத்தான் நகரும். துப்புகிறவனின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு ஈரமே இல்லை என்று சொன்ன கதைதான். டாங்குகளுக்குத் தெற்கே, டாங்குகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில், ஆழமாகத் தோண்டிய இடம் ஒன்றே ஒன்று. அது முருகன் கிணறு.

வடிவாம்பாள் மனு மேல் மனு கொடுத்து, அலுவலக வராந்தாவில் நின்று நின்று கால் வீங்கி, ஓர் உத்தரவு வாங்கினாள். வெளி ஆள் ஒருவர், கிடங்கு மேனேஜரை எதிரில் வைத்துக்கொண்டு, முருகன் கிணற்றில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதில் டீசல் இருந்தால் கிடங்குக்காரர்கள் டாங்குகளைத் தோண்டி எடுத்துச் சரி செய்துவிட்டு, தெருவுக்குக் குழாய் போட்டுத் தரவேண்டும். மூன்று தடவை பார்ப்பார்கள். மூன்றிலும் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்றால் விஷயம் முடிந்தது என்று மூடிவிடுவார்கள்.

முதல் தடவை சென்னை ஆய்வகத்திலிருந்து பிரவீனா என்ற பெண் வந்து இறங்கினபோது கிணறு வெள்ளை வெளேர் என்று இருந்தது. தெருவில் சாக்கடை அள்ளுகிறவரிடம் யாரோ “ஆபீசர் அம்மா வராங்கபா” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பாவம், நல்லெண்ணத்தில், ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார். அந்தத் தண்ணீரை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை.

இரண்டாவது தடவைக்கு முன்னால் வடிவாம்பாள் வீடு வீடாகப் போய், “பிளீச்சிங் பவுடர் போடாதீங்க, பினாயில் ஊத்தாதீங்க” என்று கெஞ்சினாள். யாரும் போடவில்லை, ஊற்றவும் இல்லை. அதற்குப் பதிலாக, வரப்போகிற பெண் கிணற்றைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாதே என்று கோயில் கமிட்டிக்காரர்கள் கிணற்றுச் சுவருக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து வைத்தார்கள். சுண்ணாம்பு அடித்தாலும் தேவலை. ரொம்ப நாள் நிற்கட்டும் என்று எனாமல் பெயிண்டு. தின்னர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் இறங்கியிருந்தது. பிரவீனா எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, தின்னரும் பெட்ரோல் வகைதான்கா” என்றாள். அழாத குறை. பெயிண்டு அடித்த கமிட்டிக்குச் செயலாளர் வடிவாம்பாளின் புருஷன் வீரபாகு.

இந்த ஆடி மாதம் மூன்றாவது தடவை. கிருத்திகைக்கு முந்தின நாள் வருகிறேன் என்று பிரவீனா போன் செய்தாள். வடிவாம்பாள் புருஷனை எதிரில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

“பிளீச்சிங் பவுடர்?”

“போடமாட்டேன்மே.”

“பெயிண்டு?”

“வாழ்நாள்ல தொடமாட்டேன்.”

“பினாயிலு, சோப்பு, மருந்து, கெமிக்கலு?”

“யாரையும் கிட்டயே உடமாட்டேன். இன்னா, உனக்குக் கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணணுமா?”

அவள் அப்போதே அந்த வார்த்தையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

பிரவீனா காலையில் வந்தாள். பவுடர் போடாத முகம், பூ வைக்காத தலை. கையில் கொசு விரட்டும் களிம்பு பூசியிருந்தால்கூடத் தண்ணீரில் கலந்துவிடும் என்று கொசுக்கடியோடு வருகிறவள். கூடவே கிடங்கு மேனேஜர் பிரேம்நாத் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு. கோயில் கமிட்டித் தலைவர் நமச்சிவாயம் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் கிணற்றடியில் நின்றார்.

பிரவீனா முதலில் ஒரு சின்னக் கருவியைக் கிணற்றுக்கு மேல் நீட்டினாள். எண்ணெய் ஆவி இருந்தால் கத்துகிற கருவி. அது கத்தின கத்தில் கோயில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. வடிவாம்பாளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. “பாத்தியாமா, பாத்தியா!” என்றாள்.

பிரவீனா குனிந்து மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

“அக்கா, இது இன்னாக்கா, பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி கமகமன்னு இருக்குது?”

நமச்சிவாயத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “பின்ன? பச்சைக் கற்பூரம்மா. வெட்டிவேரு, ஏலக்காய், கூட ரெண்டு லவங்கம். எல்லாம் அசல். ராஜ வீதியில நானே போய் வாங்கினேன். துணியில மூட்டை கட்டி நேத்து சாயங்காலம் எறக்கிட்டோம். சாமி கெணறு நாறுதுன்னு ஊரான் வந்து சொல்றதுக்குள்ள நாம ஒரு வழி பண்ணிக்கணுமில்ல?”

வடிவாம்பாள் எட்டிப் பார்த்தாள். சுவரில் கட்டிய கயிறு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

“மாமா,” என்றாள். “கெணத்துல எதுவும் போடாதீங்கன்னு சொன்னேனே மாமா.”

“எதுவும் போடாதேன்னா சொன்ன? கெமிக்கல் போடாதேன்னு சொன்ன. கற்பூரம் எப்படிம்மா கெமிக்கல் ஆவும்? சாமி பொருளாச்சே. வீரபாகுதான் சொன்னான், இதுல ஒண்ணும் தப்பில்லன்னு.”

வீரபாகுவைத் தேடினால் ஆளைக் காணவில்லை. வீட்டுக்குள் தறி சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் பேசுவாள், அவனுக்குப் பயம் வந்தால் நெய்வான். இன்றைக்கு நெய்த வேகத்தில் முந்தானையே முடிந்திருக்கும்.

“யோவ்! வெளிய வாய்யா!”

தறி நின்றது. வீரபாகு வாசலில் பாதி உடம்பைக் காட்டினான்.

“நாறுற கெணத்தை நாறுதுன்னு காட்டத்தானேயா ரெண்டு வருஷமா நாயா அலையிறேன்? வாசனை வர்றதுக்காயா அந்தப் பொண்ணு மெட்ராஸ்ல இருந்து வருது? பல்லு வலின்னு டாக்டராண்ட போறவன் பல்லைப் புடுங்கி வீட்டுல வெச்சிட்டுப் போவானா?”

“அது இல்ல வடிவு... நாளைக்குக் கிருத்திகை. ஊர் ஜனம் அத்தனையும் தீர்த்தம் வாங்க வரும். வாயில ஊத்திக்கினு மூஞ்ச சுளிச்சா நம்ம சாமிக்குத்தானே மரியாதை இல்ல...”

“சாமிக்கு மரியாதையா! பேரு வெச்சிருக்கான் பாரு, வீரபாகுன்னு! முருகனுக்குத் தளபதி! இந்தத் தளபதி கூட இருந்தா சூரனே தேவல, வெளிய நின்னு சண்டை போடுவான்!”

பிரேம்நாத் இருமினார். “மேடம், ஒரு சின்ன விஷயம். கிணத்துல வெளிப் பொருள் போட்டிருக்காங்கன்னு நீங்களும் குறிச்சுக்கோங்க, நானும் குறிச்சுக்கறேன். எண்ணெய் வகை எது வந்தாலும் அது கற்பூரத்தால வந்துதா, எங்களால வந்துதான்னு யார் சொல்றது? இது மூணாவது விசிட் வேற.” அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அந்த வருத்தத்தைத்தான் வடிவாம்பாளால் தாங்கமுடியவில்லை.

அவள் மூட்டையைக் கயிற்றோடு இழுத்தாள். மேலே வந்தது. கற்பூரம் முக்கால்வாசி கரைந்து, துணிக்குள் ஏலக்காயும் வேரும் மட்டும் கிடந்தன.

“கரைஞ்சது கரைஞ்சதுதான் அக்கா,” என்றாள் பிரவீனா. மூட்டையை ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுக் கிணற்றுப் படியில் உட்கார்ந்தாள். தண்ணீரை எட்டிப் பார்த்தாள். “இன்னா ஆழம் இருக்குது இப்ப?”

“ரெண்டாள் ஆழம் இருந்தா பெரிசு. ஆத்துலயே மணல்தான் ஓடுது,” என்றாள் வடிவாம்பாள்.

“போன ரெண்டு தடவையும் பாதிக் கெணறு தண்ணி நின்னுச்சு. பெயிண்டு வேற சுவத்துல ஈரமா ஒட்டியிருந்துச்சு. ஒண்ணும் பண்ணமுடியல. இப்ப முடியும்.” அவள் எழுந்தாள். “மொத்தத் தண்ணியையும் எறச்சிடணும். அடி மண்ணு தெரியணும். சுவத்தைக் கழுவி அதையும் எறைக்கணும். அப்புறம் புதுசா ஊறி வரும் பாருங்க, அதுல பிடிச்சா யாரும் கேள்வி கேக்கமுடியாது. நாளைக்குக் காலை வரைக்கும் ஊறட்டும். நான் ராத்திரி இங்கயே தங்கிக்கறேன், ஆபீஸ்ல பேசிக்கறேன்.”

பிரேம்நாத் சிரிப்பை இறக்கி வைத்தார். நாளைக்கு லீவு என்றார். உத்தரவில் லீவு நாள் கூடாது என்று எழுதவில்லை என்றாள் பிரவீனா. அவர் எடுத்துப் பார்த்தார். எழுதவில்லைதான்.

“இன்னாம்மா பிரமாதம்,” என்று நமச்சிவாயம் முன்னால் வந்தார். செய்த தப்புக்குப் பிராயச்சித்தம் கிடைத்துவிட்ட வேகம் அவருக்கு. “நம்ம கொல்லையில ஆயில் என்ஜின் இருக்குது. கொண்டாந்து போட்டா ஒரு மணி நேரத்துல எறச்சிக் கடாசிடும்.”

“மாமா, அது எதுல ஓடுது?”

“டீசல்லதான்.”

வடிவாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். நமச்சிவாயத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு பின்னால் போய்விட்டார்.

தெருவில் கரண்டு மோட்டார் இருந்தது. இறைக்கிற தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் அடுத்த தலைவலி. தெருவில் விடக்கூடாது, மறுபடி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பி வரும் என்றாள் பிரவீனா. தண்ணீர் லாரிக்காரனுக்குப் போன் போட்டால், “டீசல் தண்ணியா? என் டேங்க்ல நாளைக்கு யாருமா குடிப்பாங்க?” என்று வைத்துவிட்டான். இன்னொருத்தன் கேட்கும்போதே வைத்தான். டீசல் தண்ணீர் என்றாலும் சரி, எதுவானாலும் சரி, ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டவேண்டிய இடத்தில் கொட்டுகிறேன் என்று சொன்ன லாரி ஒன்றே ஒன்றுதான். செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிற லாரி.

அது தெருவுக்குள் நுழைந்தபோது நமச்சிவாயம் கோயில் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“வடிவு! இது உனக்கே அடுக்குமாடீ? விடிஞ்சா கிருத்திகை! முருகன் கெணத்தாண்ட கக்கூஸ் லாரியா? சந்நிதிக்கு நேரா நிக்கிதேடி! என் பொணத்து மேலதான் போவும் இது!”

ஜனம் கூடிவிட்டது. அவர் சொல்வது நியாயம் என்று நாலு தலை ஆடியது. லாரிக்காரன் இறங்கி, “சீக்கிரம் சொல்லுங்கபா, அய்யம்பேட்டையில ஒரு கல்யாண மண்டபம் நெரம்பிக்கினு இருக்குது,” என்றான்.

“லாரி குழாய் கெணத்துல படாது மாமா,” என்றாள் வடிவாம்பாள். “நம்ம மோட்டார்தான் எறைக்கப் போவுது. தண்ணி மேலால போய் லாரில விழும். அவ்வளவுதான்.”

“பட்டா இன்னா, படாட்டி இன்னா! சாமி கண்ணுல படுதா இல்லியா?”

“படட்டும்!” என்று அவள் கத்தினாள். “ரெண்டு வருஷமா அவரு டீசல்ல குளிக்கிறாரு. டீசல்ல! அபிஷேகம் ஆனப்புறம் செலையத் தொட்டுப் பாருங்க, கையில வழுவழுன்னு ஒட்டுது. அதுக்கு உங்களுக்குக் கோவம் வரல. பிளீச்சிங் பவுடரு, பெயிண்டு, கற்பூரம்னு மேல மேல பூசிக்கினே இருக்கீங்க. லாரியப் பாத்தாதான் கோவம் வருதா? அது வந்து அள்ளிக்கினு போற லாரி மாமா. ஊத்திட்டுப் போற லாரிங்க மதிலுக்கு அந்தாண்ட நிக்குது. அங்க போய் கையை விரிங்க!”

பிரேம்நாத் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மதிலோரமாக நடந்தார். நமச்சிவாயம் கையை இறக்கவும் இல்லை, நீட்டிக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. வயதானவர். வீரபாகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டான்.

“மாமா, நீங்க திரை போட்டுடுங்க. நைவேத்தியம் வெச்சா திரை போடறோம், அலங்காரம்னா திரை போடறோம். இதுக்கும் போட்டுடலாம். அவரு பாக்கவேணாம்.”

நமச்சிவாயம் அவனையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். “சாயங்கால தீபாராதனைக்குள்ள இந்த வண்டி தெருவை விட்டுப் போயிடணும்,” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். திரை விழுந்தது. வடிவாம்பாள் புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் உருப்படியாகச் சொன்ன வார்த்தை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. சொன்னால் ஏறிவிடும்.

மத்தியானம் ஆரம்பித்தார்கள். மோட்டார் இரண்டு தடவை நின்றது. ஒரு தடவை கரண்டு போயிற்று. லாரி நிரம்பி ஒரு நடை போய்விட்டு வந்தது. தண்ணீர் இறங்க இறங்கக் கற்பூர வாசனையும் இறங்கிக்கொண்டே போனது. அதற்குக் கீழே இருந்த பழைய வாடை மெல்ல மேலே ஏறியது. கூட்டத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். வடிவாம்பாள் மூடவில்லை.

பொழுது சாயும்போது அடி மண் தெரிந்தது. வீரபாகு கயிற்றில் இறங்கப் போனான். உள்ளே ஆவி இருக்கும், மயக்கம் போட்டு விழுவீர்கள், ஒருத்தரும் இறங்கக்கூடாது என்று பிரவீனா சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேலிருந்தே குழாயைப் பிடித்துக் கேன் தண்ணீரால் சுவரைக் கழுவினார்கள். கழுவினதையும் இறைத்தார்கள்.

பிரவீனா டார்ச்சை உள்ளே அடித்தாள். வடக்குச் சுவரில், மதில் பக்கமாக, இரண்டு கல்லுக்கு நடுவில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கீழே சேற்றில் விழுந்து, மயில் கழுத்துப் பட்டு மாதிரி நீலமும் பச்சையுமாக விரிந்தது. தெற்குச் சுவர் காய்ந்து கிடந்தது.

வடிவாம்பாள் பார்த்தாள். இரண்டு வருஷமாக இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது சரியாகப் போயிற்றே என்று சந்தோஷப்பட வேண்டும். அவளுக்கு வரவில்லை. இந்தத் தண்ணீரில் எத்தனை தடவை சோறு வடித்திருப்போம் என்றுதான் தோன்றியது.

“நாளைக்கு நான் தண்ணி பிடிச்சதுக்கப்புறம் இதை யாரும் தொடக்கூடாதுக்கா,” என்றாள் பிரவீனா. “குடிக்க, பொங்க, கஞ்சி போட, எதுக்குமே. அபிஷேகத்துக்கும்தான். குழாய் வர ஆறு மாசம் ஆனாலும் சரி, ஒரு வருஷம் ஆனாலும் சரி.”

“ஒரு வருஷமா? அது வரைக்கும் இன்னாத்தமா பண்றது?”

பிரவீனா டார்ச்சை அணைத்தாள். வடிவாம்பாள் நமச்சிவாயத்தைப் பார்த்தாள். அவர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்ற முகம் இல்லை.

“மூடிடலாம்,” என்றார் அவர்.

மறுநாள் காலை கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. பிரவீனா சீசாக்களை நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்தாள். பிரேம்நாத் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவள் எட்டரை மணி பஸ்ஸில் சென்னைக்குப் போனாள். வீரபாகு கிணற்று வாயில் பலகை வைத்து ஆணி அடித்தான். முருகனுக்குக் கேன் தண்ணீரில் அபிஷேகம் நடந்தது.